வால் சைக்கிள்: குழந்தையோடு சேர்ந்து மிதிக்க டிரெய்லர் பைக் தேர்ந்தெடுப்பது எப்படி?

சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் தெருப் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'வால் சைக்கிள்'. என் சைக்கிளுக்குப் பின்னால், முன்சக்கரமே இல்லாத ஒரு குட்டி சைக்கிள் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதில் என் மகள் உட்கார்ந்து மிதித்துக்கொண்டு வருகிறாள். வேறு என்ன பெயர் வைப்பார்கள்! விற்பவர்கள் சொல்லும் பெயர் டிரெய்லர் பைக். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூக்கனேரிப் பக்கம் நாங்கள் போனால் யாராவது ஒருவர் நிறுத்திக் கேட்காமல் இருப்பதில்லை. "எங்கம்மா வாங்குனீங்க? எங்க பையனுக்குச் சரியா வருமா? சாஞ்சிடாதா?"

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. அதற்குப் பதில் புரிந்துவிட்டால் எதை வாங்குவது, எதை விடுவது என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

வால் சைக்கிள் என்பது அரைச் சைக்கிள். ஒரு சக்கரம், ஒரு சீட்டு, பெடல், செயின், பிடித்துக்கொள்ள ஒரு ஹேண்டில்பார். சக்கரம் பெரும்பாலும் 20 இன்ச். ஹேண்டில்பார் திரும்பாது, அது பிடிமானத்துக்கு மட்டும். முன்பக்கம் ஒரு நீண்ட கம்பி வளைந்து வந்து பெரியவரின் சைக்கிளில் மாட்டிக்கொள்கிறது. பிள்ளை மிதித்தால் அந்தச் சக்கரம் சுற்றி வண்டியைத் தள்ளும். மிதிக்காமல் காலை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாலும் ஃப்ரீவீல் இருப்பதால் சக்கரம் பாட்டுக்கு ஓடும். திருப்புவது, நிறுத்துவது, சாயாமல் பார்த்துக்கொள்வது மூன்றும் முன்னால் இருப்பவரின் பொறுப்பு. இது ஒன்றும் நேற்று வந்த சாமான் அல்ல. இங்கிலாந்தில் 1930களிலேயே இந்த மாதிரி ஓட்டியிருக்கிறார்கள். 1980களில் கனடாவில் ஆடம்ஸ் என்ற பெயரில் வந்த பிறகுதான் வெளிநாடுகளில் பரவலானது. நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் இன்னமும் அபூர்வம்தான்.

இப்போது அந்த மூன்றாவது கேள்வி. ஒற்றைச் சக்கரம் தனியாக நிற்காது. அப்படியிருக்க 18 கிலோ பிள்ளையைத் தாங்கிக்கொண்டு இது எப்படி நிமிர்ந்து வருகிறது?

வலது கையை முன்னால் நீட்டி விரல்களைச் சேர்த்துப் பிடியுங்கள். மணிக்கட்டை இடதும் வலதுமாக ஆட்டலாம். அது வண்டி திரும்புவது. மேலும் கீழுமாக ஆட்டலாம். அது மேடு பள்ளத்தில் ஏறி இறங்குவது. இன்னொரு அசைவும் உண்டு. பூட்டில் சாவியைத் திருகுவது போலக் கையைத் திருகலாம். அதுதான் சாய்வது. வால் சைக்கிளின் இணைப்பு முதல் இரண்டு அசைவுகளுக்கு இடம் கொடுக்க வேண்டும். மூன்றாவதான சாவி திருகும் அசைவுக்குத் துளிகூட இடம் கொடுக்கக் கூடாது. அப்படி இடம் கொடுக்காததால்தான் உங்கள் சைக்கிள் நிமிர்ந்தால் அதுவும் நிமிர்கிறது, வளைவில் நீங்கள் சாய்ந்தால் கூடவே சாய்கிறது. அந்த ஒற்றைச் சக்கரத்தை நிற்க வைப்பது உங்கள் சைக்கிள்தான், அந்த இணைப்பு வழியாக.

ஆகையால் வாங்கப் போகிறவர்கள் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது இந்த இணைப்பை. நிறம், கியர், மணி எல்லாம் அப்புறம். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்திடம் பழையதாக வாங்கினேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால், அதன் கிளாம்ப், அதாவது சீட்டுக்குக் கீழுள்ள குழாயைச் சுற்றிப் பிடிக்கும் பிடி, 31.6 மி.மீ. அளவு. என் சைக்கிளில் சீட்டைத் தாங்கும் சீட் பில்லர் 27.2 மி.மீ. இடைவெளிக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு, பழைய டியூப் ரப்பரை வெட்டிச் சுற்றிப் போல்ட்டை முறுக்கிவிடுங்கள் என்றார்கள். அப்படியே செய்தேன். தெருக்கோடி வரைக்கும் நன்றாகத்தான் போனது. கோரிமேட்டு ரோட்டில் திரும்பும்போது பின்னாலிருந்து யாரோ சேலை முந்தானையைப் பிடித்து இழுப்பது போல வண்டி ஒரு பக்கமாக வாங்கியது. மகள் சும்மா வலது பக்கம் நாயைத்தான் எட்டிப் பார்த்திருக்கிறாள். அவள் சாய, ரப்பர் நசுங்க, வால் சாய, நான் தடுமாறிக் காலை ஊன்றிவிட்டேன். அடி எதுவும் படவில்லை. ஆனால் அன்றைக்கு முழுவதும் நெஞ்சு படபடப்பு அடங்கவில்லை.

இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நடந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். குடம் இடுப்போடு ஒட்டியிருந்தால் பாரம் இருந்தாலும் நடை மாறாது. குடம் நழுவி ஆடினால் அதே பாரம் ஆளைத் தள்ளும். இணைப்பில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் அது பிள்ளையின் தோள் உயரத்துக்கு வரும்போது இரண்டு மூன்று சென்டிமீட்டராகிவிடும்.

மறுநாள் ரெண்டையும் தள்ளிக்கொண்டு ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் போல்ட்டைத் தொடவே இல்லை. கிளாம்ப்பைப் பிடித்து ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார். "இதை எவ்வளவு முறுக்கினாலும் பிரயோஜனம் இல்லைம்மா. உள்ளே கேப் இருக்குது. ரப்பர் எதுக்கும் நிக்காது" என்றார். வெர்னியரை வைத்து அளந்து, அலுமினியத் தண்டு ஒன்றைக் கடைந்து, இடைவெளியை நிரப்பும் குழாய் மாதிரி ஒரு புஷ் போட்டார். சுவர் கனம் 2.2 மி.மீ. நீளவாக்கில் ஒரு வெட்டு விட்டார். அந்த வெட்டு எதற்கு என்று கேட்டேன். "வெட்டு இல்லைன்னா எப்படி இறுகும்? மோதிரம் மாதிரி சும்மா சுத்தும்" என்றார். அந்தப் புஷ்ஷை உள்ளே செருகி முறுக்கியதும் வால் அப்படியே கல்லு மாதிரி நின்றது. சேலத்தில் இந்த வேலைக்குப் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை. ரப்பர், தகரத் துண்டு, துணி எதையும் வைத்துச் சமாளிக்காதீர்கள்.

சோதிப்பது சுலபம். ஒருவர் உங்கள் சைக்கிளை நேராகப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் வாலின் சீட்டைப் பிடித்து இரண்டு பக்கமும் சாய்த்துப் பாருங்கள். 'டக் டக்' என்று கைக்கு ஆட்டம் தெரிந்தால், ஒன்று கிளாம்ப் அளவு சரியில்லை, அல்லது இணைப்பின் உள்ளே இருக்கும் ஆணி போன்ற பின்னும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் தேய்ந்துபோயிருக்கின்றன. பழையது வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிட வேண்டும். தேய்ந்த பின்னை மாற்ற வழியில்லாத மாடலாக இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

இணைப்பு இரண்டு வகையில் வருகிறது. என்னுடையது போல சீட் பில்லரில் மாட்டுவது ஒன்று. அதுதான் அதிகம் கிடைக்கிறது, விலையும் குறைவு. இன்னொன்று, அதற்கென்றே செய்த பின் கேரியர் மேல் மாட்டுவது. பர்லி நிறுவனத்தின் வால் சைக்கிள்கள் அந்த வகை. அதில் பாரம் பின் அச்சுக்கு நேர் மேலே இறங்குவதால் பிள்ளை ஆடினாலும் முன்னால் இருப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. கிடைத்தால் அதை எடுங்கள் என்பேன். நம் சைக்கிளோடு வரும் சாதாரண கேரியரில் அதை மாட்ட முடியாது, மாட்டவும் கூடாது.

அந்தக் கேரியர்தான் நம் ஊரில் முதல் இடைஞ்சல். சீட் பில்லரில் மாட்டும் வகையில் கம்பி பின்சக்கரத்துக்கு மேலாக வர வேண்டும். வழியில் கேரியர் இருந்தால் இடிக்கும். திரும்பும்போது கம்பி கேரியரில் முட்டி நிற்பது ஆபத்து. கழற்றிவிட வேண்டியதுதான். இரண்டாவது இடைஞ்சல் பெண்களுக்கு அதிகம். காலை ஊன்ற வசதியாக சீட்டை நன்றாக இறக்கி வைத்திருப்போம். அப்படி இருந்தால் கிளாம்ப் பிடிக்க சீட் பில்லரே வெளியில் தெரியாது. குறைந்தது நாலு விரல் அகலம் வெளியில் தெரிய வேண்டும். இதற்காகச் சீட்டை ஏற்றிவிட்டுக் கால் எட்டாமல் ஓட்டாதீர்கள். பின்னால் பிள்ளை இருக்கும்போது இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டிய கட்டம் அடிக்கடி வரும். சின்ன ஃப்ரேம் உள்ள சைக்கிளுக்கு மாறுவதுதான் வழி. சீட் பில்லர் கார்பனாக இருந்தால் அதில் கிளாம்ப்பே போடக் கூடாது. நசுங்கி விரிசல் விடும்.

அடுத்தது பிரேக். கணக்கைப் பாருங்கள். நான் 58 கிலோ, என் சைக்கிள் 15. இதுவரை 73 கிலோவை நிறுத்திக்கொண்டிருந்த பிரேக். வால் 9 கிலோ, மகள் 18. இப்போது 100. பெரும்பாலான வால் சைக்கிள்களில் பிரேக் கிடையாது. அத்தனையும் என் இரண்டு பிரேக்கின் தலையில்தான். டிஸ்க் பிரேக் இருந்தால் நல்லது. ரிம்மை இரண்டு பக்கமும் ரப்பர் கட்டையால் பிடிக்கும் வி-பிரேக்கும், நன்றாக டியூன் செய்து கட்டை தேயாமல் இருந்தால், போதும். தாத்தா காலத்துக் கம்பி பிரேக் சைக்கிளில் மாட்டவே மாட்டாதீர்கள். எவர்சில்வர் மாதிரி மின்னும் அந்த இரும்பு ரிம் மழையில் நனைந்தால் கட்டை வழுக்கும், வெறும் ஆளை நிறுத்துவதே பாடு. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். நான் சமதளத்தில் மணிக்கு 12, 15 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை.

கியர் வேண்டுமா என்று கேட்பார்கள். ஆறு கியர் வைத்தும் வருகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது தேவையில்லை. ஒற்றைக் கியரே போதும். கியர் கூடினால் எடை கூடும், கெடக்கூடிய பாகமும் கூடும். அந்தக் காசுக்கு செயினை முழுதாக மூடும் கவர் இருப்பதைத் தேடுங்கள். பாவாடையோ, துப்பட்டாவோ, லூஸ் பேன்ட்டோ செயினில் மாட்டுவது சின்னப் பிள்ளைகளுக்கு நொடியில் நடந்துவிடும்.

பிள்ளை தயாரா என்பதற்கு வயதைவிடக் குணம்தான் அளவு. பொதுவாக நாலு வயதிலிருந்து எட்டு, ஒன்பது வரை சரியாக வரும். அதிகம் விற்கும் மாடல்களின் எடை வரம்பு 38 கிலோவை ஒட்டி இருக்கும். கம்பியில் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் மாடலுக்கு என்ன வரம்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் பார்ப்பது வேறு. இரண்டு கையாலும் விடாமல் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் இருப்பாளா? நில் என்றால் நிற்பாளா? முக்கியமாக, வண்டியில் ஏறினால் தூங்கிவிடுவாளா? சாதாரண வால் சைக்கிளில் பெல்ட் கிடையாது, முதுகுக்குச் சாய்மானம் கிடையாது. கண்ணயர்ந்தால் அவ்வளவுதான். அதனால் சாப்பிட்டவுடனும் சாயங்காலக் களைப்பிலும் நான் கூட்டிப் போவதே இல்லை. சாய்ந்து உட்காரும் இருக்கையும் பெல்ட்டும் வைத்த வீஹூ மாதிரியான மாடலும் உண்டு. நாலு வயதுக்குக் கீழே இருந்தால், அல்லது தூங்கும் பிள்ளையாக இருந்தால், பின் சீட்டுதான் சரி. ஐரோப்பியத் தரத்தில் செய்த குழந்தை சீட்டுகள் 22 கிலோ வரை தாங்கும், பெல்ட்டும் கால் வைக்கும் தொட்டியும் இருக்கும். பிள்ளையின் சொந்தச் சைக்கிளையே முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்னால் கட்டி இழுக்கும் கம்பிகளும் விற்கின்றன. அவற்றில் மலிவானவை நிறைய ஆடுகின்றன. பின் அச்சிலேயே மாட்டும் ஃபாலோமீ மாதிரியானவை உறுதி, விலை அதிகம்.

நாமெல்லாம் முன்பாரிலும் வெறும் கேரியரிலும் உட்கார்ந்து போனவர்கள்தானே, இதெல்லாம் எதற்கு என்று என் அம்மாவே கேட்டார். எங்கள் அக்காவின் குதிகாலில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. போக்ஸ் கம்பிக்குள் கால் போய்க் கிழிந்தது. கேரியரில் தொங்கும் காலுக்கு வைக்க இடமில்லை, அதனால் அது சக்கரத்துக்குள் போகிறது. வால் சைக்கிளில் பிள்ளையின் கால் அதன் சொந்தப் பெடலில், என் சக்கரத்துக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான். செருப்பு மட்டும் வேண்டாம், பின்வார் உள்ள சாண்டலோ ஷூவோ போடுங்கள். ஹெல்மெட்டைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. இரண்டு பேருக்கும் வேண்டும்.

ஒன்றை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். வால் சைக்கிள் ஓட்டினால் பிள்ளை சைக்கிள் கற்றுக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். மிதிக்கக் கற்றுக்கொள்ளும். சாலையில் எப்போது மெதுவாகப் போவது, எங்கே நின்று பார்ப்பது என்பதைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளும். பேலன்ஸ் வராது, ஏனென்றால் பேலன்ஸ் செய்வது நீங்கள். அதற்கு ஒரு சின்ன சைக்கிளின் பெடலைக் கழற்றிவிட்டு, சீட்டை இறக்கி, மொட்டை மாடியிலோ மைதானத்திலோ காலால் உந்தி ஓடவிடுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கட்டும்.

எங்கே ஓட்டுவது? ஐந்து ரோடு, புது பஸ் ஸ்டாண்ட், பைபாஸ் பக்கம் கனவிலும் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் நீளம். பின்னால் வரும் பைக்காரர் உங்களைத் தாண்டிவிட்டதாக நினைத்து உள்ளே வெட்டும்போது பிள்ளை இன்னும் அங்கே இருப்பாள். அதனால் வாலின் பின்னால் உயரமான கம்பியில் ஒரு கொடி கட்டாயம். சிவப்பு விளக்கை உங்கள் சீட்டுக்குக் கீழே மாட்டினால் பிள்ளை மறைத்துவிடும், வாலில்தான் மாட்ட வேண்டும். உங்கள் பின்சக்கரத்துக்கு நீளமான மட்கார்டு போடுங்கள். இல்லாவிட்டால் மண்ணும் சேறும் நேராகப் பிள்ளையின் முகத்துக்குத்தான் போகும். காலை ஆறு மணிக்கு ஏரிக்கரைப் பக்கமோ, வண்டி குறைந்த குடியிருப்புத் தெருக்களோ போதும். வளைவில் வால் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், ஆகவே முனையை ஒட்டித் திரும்பாமல் அகலமாகத் திரும்புங்கள். ஸ்பீடு பிரேக்கரில் முதல் இரண்டு குலுக்கல் உங்களுக்கு. நீங்கள் தாண்டி, அப்பாடா என்று மிதிக்கத் தொடங்கும்போது மூன்றாவது குலுக்கல் பிள்ளைக்கு வரும். அது முடியும் வரை மிதிக்காதீர்கள்.

ஏற்காடு? அடிவாரத்தைத் தாண்டாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். ஏற்றம் கால் வலியோடு போய்விடும். இறக்கம்தான் பிரச்சினை. 20 கொண்டை ஊசி வளைவு, 1000 மீட்டருக்கு மேல் இறக்கம். எங்கள் 100 கிலோவை அந்த உயரத்திலிருந்து இறக்கினால், 1000 வாட் ஹீட்டரைக் கால் மணி நேரம் ஓடவிட்ட அளவு சூடு. காற்று கொஞ்சம் வாங்கிக்கொண்டாலும் மீதியெல்லாம் பிரேக்கில்தான் இறங்கும். சூடேறிய பிரேக்கோடு வளைவில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. மலையில் ஓட்ட ஆசையிருந்தால் வாலைக் கழற்றிக் காரில் ஏற்றிக்கொண்டு போங்கள். கோடை விழா நெரிசல் இல்லாத ஒரு வார நாளில், பனி விலகிய பிறகு, ஏரிப் பக்கம் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். எஸ்டேட் வழியாகச் சுற்றும் 32 கிலோமீட்டர் சாலையில் ஏற்ற இறக்கமும் வளைவும் அதிகம். காட்டெருமையும் எதிர்ப்படலாம். பிள்ளையோடு அது வேண்டாம்.

கடைசியாக, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் நீங்கள் பாரின் இரண்டு பக்கமும் காலை ஊன்றி, இரண்டு பிரேக்கையும் பிடித்து நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிள்ளை ஏற வேண்டும். இறங்கும்போது பிள்ளை முதலில், நீங்கள் பிறகு. மாற்றிச் செய்தால் ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிளையே அந்த எடை சாய்த்துவிடும். முதல் இரண்டு நாள் வாலில் ஆளில்லாமல் ஓட்டிப் பழகுங்கள். அப்புறம் இரண்டு பேருக்கும் பொதுவாக நாலு சொல் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குள் 'பிரேக்', 'மேடு', 'திரும்புறோம்', 'மிதி'. நான் சொன்னால் அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். சத்தம் வரவில்லை என்றால் நான் ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்ப்பேன்.

இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் அவள் தனிச் சைக்கிளுக்குப் போய்விடுவாள். அப்போது இதை வேறொரு வீட்டுக்குக் கொடுக்கத்தான் போகிறேன். கிளாம்ப்போடு சேர்த்து அந்த அலுமினியப் புஷ்ஷையும், 31.6, 27.2 என்ற இரண்டு எண்களை எழுதிய ஒரு சீட்டையும் இப்போதே ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.